இடைமறிக்க வாங்கிய மிக்-21 டாக்காவில் குண்டு போட்டது எப்படி? 28-ம் ஸ்குவாட்ரனின் வரலாறு

இந்திய விமானப்படையின் 28-ம் ஸ்குவாட்ரன் இடைமறிப்புக்கென்றே உருவானது. 'ஃபர்ஸ்ட் சூப்பர்சானிக்ஸ்' என்று அதற்குப் பட்டப்பெயர். ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் மிக்-21-ஐ நம் நாட்டில் முதலில் ஓட்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்த ஸ்குவாட்ரனைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் சொல்வது வங்கதேசப் போரின்போது 1971 டிசம்பர் 14-ல் டாக்கா ஆளுநர் மாளிகையின் கூரையைப் பிளந்த ராக்கெட்டுகளைத்தான். வானில் எதிரியைப் பிடிக்க வாங்கிய விமானம் ஒரு கட்டடத்தைத் தாக்கப் போனது ஏன் என்பது கேள்வி.

அந்த மிக்-21-ன் அடியில் பொருள் மாட்ட மூன்றே மூன்று பைலான்கள் இருந்தன. இறக்கைக்கு ஒன்று, வயிற்றின் நடுவில் ஒன்று. எரிபொருளா, பீரங்கியா, ஏவுகணையா, குண்டா என்ற கணக்கு அந்த மூன்று இடத்துக்குள் அடங்க வேண்டும். ஸ்குவாட்ரனின் கதையில் பாதி இந்தக் கணக்குதான்.

முதலில் ஏன் வாங்கினார்கள் என்று பார்ப்போம். 1960-களின் தொடக்கத்தில் பாகிஸ்தான் கையில் மாக் 2 வேகத்தில், அதாவது ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில், பறக்கும் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் வந்துவிட்டது. மிக உயரத்தில் பறந்து படம் எடுக்கும் ஆர்பி-57 உளவு விமானங்களும் வந்தன. நம்மிடம் இருந்த ஹண்டர், நாட் (Gnat) இரண்டும் நல்ல சண்டை விமானங்கள்தான். ஆனால் அந்த உயரத்தையும் வேகத்தையும் எட்ட அவற்றால் ஆகாது. 1962-ல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் ஆனது. தில்பாக் சிங் தலைமையில் ஒரு சிறு குழு இன்றைய கஜகஸ்தானில் உள்ள லுகோவயா தளத்தில் குளிர்காலத்தில் பயிற்சி பெற்றது. தில்பாக் சிங்தான் ஸ்குவாட்ரனின் முதல் தலைவர். 1981-ல் விமானப்படைத் தளபதியும் ஆனார். பம்பாய்க்குக் கப்பலில் பெட்டிகளில் வந்த ஆறு மிக்-21எஃப்-13 விமானங்கள் அங்கேயே பொருத்தப்பட்டு, 1963-ல் சண்டிகருக்குப் பறந்தன. அந்த ஆறில் இரண்டு அதே ஆண்டு டிசம்பரில் நடுவானில் மோதி அழிந்தன. 1965-ல் மிக்-21பிஎஃப் ரகத்தில் இன்னும் ஆறு வந்து சேர்ந்தன. அந்த ஆண்டு பாகிஸ்தானோடு போர் தொடங்கியபோது மொத்தம் பத்து விமானம் அளவில்தான் கையில் இருந்தது. ஒரு முழு ஸ்குவாட்ரனுக்குப் பதினாறு, பதினெட்டு வேண்டும்.

இந்த விமானம் எந்த வேலைக்குச் செய்யப்பட்டது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். சோவியத் வான்பாதுகாப்பு முறையில் விமானி தானாகத் தேடி அலைவதில்லை. தரையில் இருக்கும் பெரிய ராடார் எதிரியை முதலில் பார்க்கும். கட்டுப்பாட்டாளர் திசை, உயரம், வேகம் மூன்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே வருவார். ஓடுதளத்தின் முனையில் உள்ள தயார்நிலை மேடையில், விமானப்படையில் ஓ.ஆர்.பி. என்பார்கள், இரண்டு விமானங்கள் நிற்கும். உச்சத் தயார்நிலை என்றால் விமானி பெல்ட் கட்டி உள்ளேயே உட்கார்ந்திருப்பார். தரை மின்வண்டியின் கேபிள் விமானத்தில் செருகியபடி இருக்கும். சைரன் ஒலித்தால் எஞ்சினை முடுக்கி, கேபிளைக் கழற்றி, ஓடுதளத்தில் திரும்பி, கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் ஆஃப்டர்பர்னர் போட்டு ஏறுவது வரை ஓரிரு நிமிடம். கட்டுப்பாட்டாளர் அவரை எதிரியின் வாலுக்குப் பின்னால், சற்றுக் கீழே கொண்டுபோய் விடுவார். அங்கிருந்து விமானத்தின் சொந்த ராடார் 20 கி.மீ. அளவுக்குள் இலக்கைப் பிடித்து, இன்னும் நெருங்கி, ஏவுகணையை விட வேண்டும்; விட்டதும் வீடு திரும்ப வேண்டும்.

வீடு திரும்புவதில் ஏன் இவ்வளவு அவசரம்? எரிபொருள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உள் தொட்டிகளில் ஏறத்தாழ 2,800 லிட்டர், எடையில் சுமார் 2,200 கிலோ. ஆர்-11 எஞ்சின் ஆஃப்டர்பர்னரில் ஆறு டன் உந்துவிசை தரும். அந்த நிலையில், தரைமட்டத்தில், நிமிடத்துக்கு 200 கிலோவுக்கு மேல் குடிக்கும். முழுத் தொட்டியும் பத்து நிமிடம்தான். மேலே போகப்போக இது குறையும் என்றாலும், நடு பைலானில் வேண்டாதபோது கழற்றி எறியக்கூடிய 490 லிட்டர் டிராப் டேங்க் இல்லாமல் இந்த விமானத்தை எங்கும் அனுப்ப யாரும் விரும்பமாட்டார்கள். இறக்கை பைலான்களுக்கு எரிபொருள் குழாய் கிடையாது. ஆகவே டேங்க் என்றால் நடு இடம் போச்சு.

மீதி இரண்டு பைலானில் கே-13 ஏவுகணைகள். அமெரிக்க சைட்வைண்டரின் ஆரம்ப ரகத்தைப் பார்த்துச் செய்த அந்த ஏவுகணை எதிரி எஞ்சினின் வெப்பத்தை நோக்கிப் போகும். ஆனால் அதன் கண் குளிரூட்டப்படாத கண். எஞ்சின் வாயை நேர் பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். சூரியன், வெயிலில் காய்ந்த தரை, வெளிச்சம் பட்ட மேகம், எல்லாமே அதற்கு வெப்பம்தான். விடும் நேரத்தில் விமானம் 2 ஜி-க்கு மேல், அதாவது புவியீர்ப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தும்படி, திரும்பிக்கொண்டிருக்கக் கூடாது. தாழ்வான உயரத்தில் விடத்தக்க தூரம் ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வரை. எதிரியைவிட மணிக்கு 300 கி.மீ. கூடுதல் வேகத்தில் நெருங்கினால் அந்த ஒரு கிலோமீட்டர் சன்னலைப் பன்னிரண்டு விநாடியில் கடந்துவிடுவீர்கள். அதற்குள் காதில் சிக்னல் ஒலி கேட்க வேண்டும், அது இலக்கின் ஒலியா தரையின் ஒலியா என்று பிரித்தறிய வேண்டும், விமானத்தை ஆடாமல் பிடிக்க வேண்டும். 15 கி.மீ. உயரத்தில் நேராகப் போகும் குண்டுவீச்சு விமானத்தின் மீது இது நடக்கும். மரத்தின் உச்சியை ஒட்டி 5 ஜி-யில் திரும்பும் பாகிஸ்தானின் சேபர் போர் விமானத்தின் மீது நடப்பது அரிது.

1965 செப்டம்பர் 4 அன்று இது அப்படியே நிரூபணமானது. அப்போதைய ஸ்குவாட்ரன் தலைவர் மால்கம் வோலன் ஜம்முவின் சம்ப் பகுதியில் தாழப் பறந்த சேபர் ஒன்றின் பின்னால் சரியாகவே போய்ச் சேர்ந்தார். இரண்டு கே-13 விட்டார். இரண்டும் தவறின. அதன் பிறகு அவர் கையில் எதுவுமே இல்லை. ஏவுகணைக் காலம் வந்துவிட்டது, இனி நெருங்கிச் சுடும் சண்டை இருக்காது என்ற நம்பிக்கையில் பிஎஃப் ரகத்திலிருந்து பீரங்கியையே எடுத்திருந்தார்கள். முந்தைய எஃப்-13-ல் 30 மி.மீ. பீரங்கி ஒன்றாவது இருந்தது. ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்கள் எல்லா நாட்டிலும் சேர்ந்தே செய்த பிழை இது. வியட்நாமில் பீரங்கியில்லாத ஃபேன்டம் போர் விமானங்களோடு அமெரிக்கர்களும் இதையேதான் அனுபவித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 6 மாலை, எட்டு சேபர்கள் பதான்கோட் தளத்தைத் தாக்கின. நிறுத்தியிருந்த விமானங்களில் இரண்டு மிக்-21-ம் எரிந்தன. நாட்டிலேயே வேகமான இடைமறிப்பு விமானம் தன் தளத்தைக் காக்க மேலே எழாமல் தரையில் அழிந்தது என்பது கசப்பான செய்தி. காரணத்தைத் தேடினால் விமானத்தில் குறை இல்லை. தாழப் பறந்து வருபவனைத் தரை ராடார் காணாது. கண்டு சொல்ல ஆளில்லாவிட்டால் ஓ.ஆர்.பி.யில் நிற்கும் விமானத்தால் பயனில்லை. அந்தப் போரில் மிக்-21 ஒரு விமானத்தையும் வீழ்த்தவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் ஜிபி-9 பீரங்கிப் பொதி. அரசு விமான நிறுவனமான எச்ஏஎல்-ன் நாசிக் ஆலையில் தயாராகத் தொடங்கிய மிக்-21எஃப்எல் ரகத்திலும் உள்ளே பீரங்கி கிடையாது. ஆகவே வயிற்றுக்கடியில் ஒரு பொதி: இரட்டைக் குழல் 23 மி.மீ. ஜிஎஸ்எச்-23, 200 குண்டுகள். நிமிடத்துக்கு 3,000 குண்டு வேகத்தில் அது நான்கு விநாடியில் காலி. அதனால் அரை விநாடித் துளிகளாகச் சுட வேண்டும். விரலை எடுக்காமல் அழுத்தினால் ஒரே சண்டையில் ஒரே வாய்ப்பு. பொதி மாட்டும் இடம் எது? நடு பைலான். பீரங்கி வேண்டுமென்றால் டிராப் டேங்கைத் துறக்க வேண்டும். தன் தளத்துக்குப் பக்கத்திலேயே சண்டை என்றால் பீரங்கி. தூரம் போக வேண்டுமென்றால் டேங்க். 1971 டிசம்பர் 12-ல் ஜாம்நகரை அடுத்த கடல்மேல் 47-ம் ஸ்குவாட்ரனின் பி.பி. சோனி ஒரு எஃப்-104-ஐ வீழ்த்தியது இந்தப் பொதியால்தான். அது தளத்துக்கு அருகில் நடந்த சண்டை என்பதைக் கவனியுங்கள்.

28-ம் ஸ்குவாட்ரனுக்கு 1971-ல் வாய்த்தது கிழக்கு முனை. அங்கே தூரம்தான் முதல் பிரச்சினை. ஸ்குவாட்ரன் இருந்த தேஜ்பூரிலிருந்து டாக்கா ஏறத்தாழ 400 கி.மீ.; குவாஹாட்டியிலிருந்து 300 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. தலைவர் விங் கமாண்டர் பி.கே. பிஷ்னோய். டாக்காவைத் தாக்க ஸ்குவாட்ரன் குவாஹாட்டியைப் பயன்படுத்தியதன் பொருள் இந்த 100 கி.மீ. வித்தியாசத்தில் இருக்கிறது: போக, வர 200 கி.மீ. மிச்சம். அந்த மிச்சத்தில்தான் ஆயுதம் சுமக்க முடியும். அதே தளத்தில் 4-ம் ஸ்குவாட்ரன் மிக்-21-களும் இருந்தன.

கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தானின் ஒரே போர் விமான ஸ்குவாட்ரன், 14-ம் எண், சேபர்களோடு டாக்காவின் தேஜ்காவ் தளத்தில் இருந்தது. டிசம்பர் 4-ம் தேதியே ஹண்டர்கள் உள்ளிட்ட விமானங்கள் பகலில் தாக்கின. சேபர்களைப் பிரித்து மறைத்து வைத்திருந்தார்கள். விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் பலமாகச் சுட்டன. நமக்கு இழப்பு ஏற்பட்டது, சேபர்கள் மிச்சமிருந்தன. அப்போதுதான் இலக்கை மாற்றினார்கள். விமானங்களைத் தேடி அலைவதைவிட அவை ஓடும் தரையை உடைத்தால் போதும்.

இந்த வேலைக்கு மிக்-21-ஐத் தேர்ந்தெடுத்தது பார்வைக்கு விசித்திரம். குண்டு வீசக் கணினி கிடையாது, குறிபார்க்கும் கருவி வான்சண்டைக்கானது. ஆனால் பைலான் கணக்கு பொருந்தியது: இறக்கைக்கு ஒன்றாக இரண்டு 500 கிலோ குண்டு, நடுவில் டேங்க். துணைக்கு வேறு விமானம் தேவையில்லை; குண்டைப் போட்டுவிட்டால் அதைத் துரத்திப் பிடிக்க எந்த சேபராலும் ஆகாது.

ஓடுதளத்தை உடைப்பது நினைப்பதைவிடக் கடினம். தாழப் பறந்து கிடைமட்டமாகக் குண்டு போட்டால் அது கான்கிரீட்டில் பட்டுத் தெறித்துப் புரளும், மேலே வெடித்து ஆழமில்லாத தழும்பைத்தான் விடும். குண்டு கான்கிரீட்டைத் துளைத்து உள்ளே போய், சற்றுப் பொறுத்து வெடிக்கவைக்கும் தாமத ஃபியூஸால் வெடித்து, அடிமண்ணைத் தூக்கினால்தான் பள்ளம் விழும். அதற்குக் குண்டு செங்குத்தை நெருங்கிய கோணத்தில் விழ வேண்டும். ஆகவே விமானமும் செங்குத்தாகப் பாய வேண்டும். இங்கேதான் ஆபத்து. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 60 பாகைக் கோணத்தில் பாய்ந்து, குண்டை விட்டபின் 5 ஜி-யில் மூக்கைத் தூக்கினாலும் விமானம் நேராவதற்குள் 750 மீட்டர் உயரம் இறங்கிவிடும். விமானியின் கை ஒரு விநாடி தாமதித்தால் இன்னும் 200 மீட்டர். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே குண்டை விட்டாக வேண்டும். தன் குண்டின் சிதறலுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் தப்ப இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அந்த உயரத்திலிருந்து ஓடுதளத்தின் அகலம் ஒரு கோடு மாதிரிதான் தெரியும். பாயும் கோணம் ஐந்து பாகை குறைந்தால் குண்டு முன்னாலேயே விழும். வேகம் கூடினால் தாண்டிப் போகும். பக்கக் காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் புல்லில் விழும்.

ஒரு பள்ளம் போதாது என்பது அடுத்த விஷயம். சேபர் எழ ஒரு கிலோமீட்டர் அளவு நல்ல தரை கிடைத்தால் போதும். ஆகவே நீளத்தை மூன்று துண்டாக வெட்ட வேண்டும், எந்தத் துண்டிலும் விமானம் எழ முடியாதபடி. பள்ளத்தைக் கல்லும் மண்ணும் கொட்டி இரவோடிரவாக நிரப்பிவிடுவார்கள். அதனால் திரும்பத் திரும்பப் போக வேண்டும். டிசம்பர் 6-ல் தேஜ்காவ் ஓடுதளம் இப்படி உடைந்தது. அதன் பிறகு சேபர்கள் எழவில்லை. சில நாளில் விமானிகளைப் பர்மா வழியாக வெளியேற்றிவிட்டார்கள். விட்டுச்சென்ற சேபர்கள் சிலவற்றைப் போருக்குப் பின் வங்கதேச விமானப்படை சரிசெய்து பறக்கவிட்டது.

என் கணிப்பில் 28-ம் ஸ்குவாட்ரனின் உண்மையான இடைமறிப்பு வெற்றி இதுதான். எதிரி விமானம் வானுக்கு வராதபடி செய்வதே வான்பாதுகாப்பின் நோக்கம். மிக்-21-கள் அதை ஓடுதளத்தின் மேல் செய்தன. ஆளுநர் மாளிகைத் தாக்குதல் புகழ் பெற்றது. ஆனால் ஓடுதளம் உடைந்திருக்காவிட்டால் அந்தத் தாக்குதலுக்குப் பட்டப்பகலில் போயிருக்கவே முடியாது.

டிசம்பர் 14 கதை சுருக்கமாக: அன்று காலை, டாக்காவில் ஆளுநர் ஏ.எம். மாலிக் தலைமையில் நண்பகலில் உயர்மட்டக் கூட்டம் என்ற ரேடியோ செய்தியை நம்மவர்கள் ஒட்டுக்கேட்டார்கள். குவாஹாட்டி தளத்தின் தலைவராக அப்போது இருந்தவர், ஆறாண்டுக்கு முன் சேபரைத் தவறவிட்ட அதே வோலன். அவர் பிஷ்னோயிடம் வேலையை ஒப்படைத்தார். பறக்கவே இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டும். திட்டமிடக் கிடைத்தது சில நிமிடங்கள். ராணுவ வரைபடம் இல்லை, டாக்காவின் சுற்றுலா வரைபடம்தான். பிஷ்னோய் விமானத்தில் பெல்ட் கட்டிக்கொண்டிருக்கும்போது ஓடிவந்து ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள்: இலக்கு முதலில் சொன்ன சர்க்யூட் ஹவுஸ் (அரசு விருந்தினர் இல்லம்) அல்ல, ஆளுநர் மாளிகை. பறந்தபடியேதான் வரைபடத்தில் புது இடத்தைத் தேடினார்.

நான்கு மிக்-21-கள். குண்டுக்குப் பதில் 57 மி.மீ. ராக்கெட். இறக்கைக்கு ஒரு ராக்கெட் குடுவை, குடுவைக்கு 16, விமானத்துக்கு 32, மொத்தம் 128. ஆயுதத் தேர்வு சரி. 500 கிலோ குண்டு சில மீட்டர் தவறினாலும் பக்கத்துத் தெருவில் மக்கள் சாவார்கள். ராக்கெட்டை ஆழம் குறைந்த பாய்ச்சலில், கட்டடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஜன்னலை நோக்கிச் சுடலாம். முதலில் சுற்றி வந்து எது மாளிகை என்று உறுதி செய்தார்கள். எதிரி விமானமே இல்லாத வானில்தான் இப்படி நிதானமாகச் சுற்ற முடியும். பிறகு 4-ம் ஸ்குவாட்ரன் மிக்-21-களும் ஹண்டர்களும் தொடர்ந்து தாக்கின. பதுங்கறையில் மாலிக் தன் ராஜினாமாவைக் கையால் எழுதிவிட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் இருந்த இன்டர்கான்டினென்டல் ஹோட்டலுக்குப் போனார். இரண்டு நாளில் சரணாகதி.

1971-க்குப் பின் பதினைந்தாண்டுகள் வழக்கமான தயார்நிலைப் பணி. 1987-ல் புணேயில் 28-ம் 47-ம் ஸ்குவாட்ரன்கள் மிக்-29-க்கு மாறின. சோவியத் யூனியனுக்கு வெளியே அதை முதலில் வாங்கிய நாடு இந்தியா. 1965-ன் ஒவ்வொரு குறைக்கும் அதில் ஒரு விடை இருந்தது. தாழப் பறப்பவனைத் தரைப் பின்னணியிலும் பிரித்தறியும் ராடார், ராடாரைப் போடாமலே வெப்பத்தால் தேடும் கண், தலையைத் திருப்பிய பக்கம் ஏவுகணையின் கண்ணும் திரும்பும் தலைக்கவசக் குறி, 30 மி.மீ. பீரங்கி உள்ளேயே, 150 குண்டோடு.

ஆனால் பழைய பிணக்கு வேறு உருவில் வந்தது. மிக்-29-ன் நடு வயிற்றில் 1,500 லிட்டர் டேங்க் மாட்டினால் பீரங்கியின் வெற்று உறைகள் வெளியேறும் வழி அடைபடும்; டேங்கோடு சுடக்கூடாது. மறுபடியும் டேங்கா, பீரங்கியா என்ற தேர்வு. சண்டைக்கு முன் டேங்கைக் கழற்றி எறிவதுதான் வழி.

எஞ்சின் தொல்லை அதைவிடப் பெரிது. ஆர்டி-33 எஞ்சின்கள் முதல் ஓவர்ஹாலுக்கு (முழுவதும் பிரித்துச் சீரமைப்பதற்கு) முன் 300 மணி நேரம் ஓட வேண்டியவை. பெரும்பாலானவை அதற்கு முன்பே கழற்றப்பட்டன, தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையிலும் இது பதிவானது. ஒரு காரணம் கல்லும் தூசியும். சீரமைக்காத தரையிலிருந்தும் எழ வேண்டும் என்பதால் மிக்-29 தரையில் ஓடும்போது முன் காற்றுவாய்களைக் கதவால் மூடிக்கொண்டு, இறக்கை மேலுள்ள சீப்பு போன்ற திறப்புகள் வழியே மூச்சு விடும். மூக்கு எழும்போது கதவுகள் திறக்கும். அந்த நேரம் முன்சக்கரம் வாரியிறைக்கும் சரளை நேராக உள்ளே போகும், சிறு கல் போதும் கம்ப்ரசர் தகட்டில் பல் விழ. இதற்குத் தீர்வு முன்சக்கரத்துக்கு மட்கார்டு, தினமும் ஆட்களை வரிசையாக நடக்கவிட்டு ஓடுதளத்தைப் பொறுக்கி எடுப்பது, உதிரிபாகம் கையிருப்பு. பழுதான எஞ்சின் ரஷ்யா போய்வரும் காலத்தில் விமானம் சும்மா நின்றது. ஒடிசாவின் கோராபுட் ஆலையில் ஓவர்ஹால் வசதி வந்த பிறகே நிலைமை தேறியது.

2008-ல் மேம்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு விமானங்கள் ரஷ்யாவில், மற்றவை நாசிக் அருகே ஓஜரில் உள்ள விமானப்படைப் பணிமனையில். முதுகில் கூடுதல் எரிபொருள் தொட்டி, வானிலேயே எரிபொருள் ஏற்றும் குழாய், ஷுக் ராடார், தரை இலக்குகளுக்கான வழிகாட்டு ஆயுதங்கள். முதல் இரண்டும் எரிபொருள் பசிக்கு. கடைசியது, இடைமறிப்புக்கு வாங்கிய விமானத்தைக் குண்டு போடவும் அனுப்பும் 1971-ன் வழக்கத்துக்கு. இப்போது கணினியே குண்டு விழும் புள்ளியை விமானியின் கண்முன் உள்ள கண்ணாடியில் காட்டிவிடுகிறது. கோணத்தையும் காற்றையும் மனக்கணக்கில் சுமக்க வேண்டியதில்லை.